பூட்டிய பீரோவும் புதிய பாடமுறையும்



மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் பாடநூலைக் கையில் ஏந்தி, ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பிக்கிறான். பெற்றோர் மகிழ்கின்றனர். அதே பிள்ளையிடம் அவன் இதுவரை கண்டிராத ஒரு சிறு கதைநூலைக் கொடுத்தால், முதல் வரியிலேயே நின்றுவிடுகிறான். பாடம் அவனுக்கு மனப்பாடம். வாசிப்பு இன்னும் கைவரவில்லை.

இக்குறையை நீக்கும் நோக்குடன் தமிழக அரசு 2022 ஜூன் மாதத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் அனைவரும் 2025ஆம் ஆண்டிற்குள் பொருளறிந்து வாசிக்கவும், எளிய கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவரையும் அவரவர் அறிந்துள்ள அளவிற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிப்பது அதன் முறை. அடுத்து வந்த ‘வாசிப்பு இயக்கம்’ சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்தது. பெயர்களே அழகு!

எனினும், அறியாத பகுதியை வாசிக்கும் திறன் அறிந்த பாடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி வருவதன்று. அதற்குப் பல நூல்கள் வேண்டும். அவற்றைப் பிள்ளை தொட வேண்டும். இங்கேதான் பள்ளி நூலகரின் பணி தொடங்குகிறது. ஆனால், நம் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் நூலகர் என்றொரு பதவியே இல்லை. ஓர் ஆசிரியை தம் வகுப்போடு ஓர் இரும்புப் பீரோவின் சாவியையும் சேர்த்துச் சுமக்கிறார். பீரோ பூட்டியே இருப்பதற்குச் சோம்பல் காரணமன்று, அச்சமே காரணம். தணிக்கை நாளில் ஒரு நூல் குறைந்தால் யார் ஈடு கட்டுவது? நூல்கள் புதுமை குன்றாதிருக்க, பிள்ளைகள் எழுத்தறியாதிருக்கின்றனர்.

இந்த நோய் புதிதன்று. நம் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்தப்படவே உள்ளன என்பதாகும். பழங்கால மேல்நாட்டு நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை அவர் எடுத்துக் காட்டுகிறார். நம் பீரோவின் பூட்டு அச்சங்கிலிக்குத் தம்பி முறை! அதே 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். வயல்வரப்பு மனிதரைத் தேடி நூல் சென்ற மண் இது. அதே மண்ணில் வகுப்பறைக்கும் பீரோவுக்கும் இடையிலுள்ள பத்தடித் தொலைவை நூல் கடக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

பொறுப்பேற்றுள்ள ஆசிரியை செய்யத்தக்கது பெரிய காரியமன்று. நூல்களைப் பதிவேட்டு எண்படி அடுக்காமல், வாக்கிய நீளத்தையும் எழுத்தின் பருமனையும் பார்த்துப் பிரித்து, முதுகில் வண்ணத்தாள் ஒட்டிவிட்டால் போதும். அரும்புக்குரியதை அரும்பே எடுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தாமே ஒரு கதையை உரக்க வாசித்து, முடிவைச் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள். அந்நூலுக்கு மறுநாள் போட்டி வரும். இன்னும் தடுமாறும் ஆறாம் வகுப்பு மாணவனுக்குச் சிறுவர் நூலைக் கொடுத்தால் அவன் நாணுவான். “உன் தங்கைக்கு வாசித்துக் காட்டு” என்று கொடுத்தால் தலைநிமிர்ந்து வாங்கிச் செல்வான். வகுப்பாசிரியர் மதிப்பெண்ணில் காணாததை இத்தகைய கொடுக்கல் வாங்கலில் நூலகர் காண்பார். எவன் எந்த எழுத்தில் தடுக்குகிறான் என்பதை வகுப்பாசிரியரிடம் அவர் சொல்ல வேண்டும். குறிலும் நெடிலும் மயங்கி, ‘கெடு’வைக் ‘கேடு’ என வாசிக்கும் பிள்ளைகள் பலர். கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணியாற்றிய நம் வீரமாமுனிவர், இந்த மயக்கம் தீரவே எகர ஒகரங்களின் நெடில் வடிவங்களைத் திருத்தித் தந்தார் என்பதை நம் மறைக்கல்வி வகுப்புகளில் எத்தனை பேர் சொல்கிறோம்?

கிழிந்த நூலைப் பற்றியும் ஒரு சொல். பல கைகள் புரட்டிக் கிழிந்தது நட்டமன்று, தேய்மானம். ஏர் தேய்ந்ததற்கு உழவனைத் தண்டிப்பாருண்டோ? நம் பள்ளிகளை நடத்தும் தாளாளர்களும் சபைத் தலைவர்களும் ஆண்டுதோறும் இத்தனை நூல்கள் கழிக்கப்படலாம் என்று எழுத்தில் தந்துவிட்டால், பூட்டு தானாகவே திறந்துகொள்ளும். வாய்மொழி உறுதி தணிக்கையின்போது உதவாது.

நடவு, அறுப்புக் காலங்களில் தாயும் தந்தையும் விடியலில் வயலுக்குச் சென்றுவிட, பிள்ளை பாட்டியோடு இருக்கும் வீடுகள் நம் பங்குகளில் பல. அவ்வீட்டிற்கு ஒரு நூல் வரட்டும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாவிடினும் கேட்கத் தெரியும், “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று கேட்பாரானால் பிள்ளை பொருளறிந்து வாசித்தே ஆக வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி வரும் அரையாண்டு விடுமுறைக்கு முன்னரே, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இரண்டு நூல்களைக் கொடுத்தனுப்புமாறு பள்ளியில் கேளுங்கள். பழைய நாட்காட்டித் தாளால் அவற்றிற்கு உறை போட்டுக் கொடுப்பது வீட்டாரின் வேலையாக இருக்கட்டும்.