மூடையின் எடையும் முதுகின் எல்லையும்

ஒரு மனிதன் எவ்வளவு பாரத்தை அபாயமின்றித் தூக்கிச் சுமக்கலாம் என்னும் வினா, முதல் நோக்கில் உடலியலாருக்கும் வைத்தியருக்கும் உரியதாகத் தோன்றும். ஆயின், அவ்வினாவுக்கு நம் நாட்டில் நாள்தோறும் விடையளிப்பவர் வைத்தியர் அல்லர், மூடை கட்டுபவரே. சீமெந்து மூடையின் முகத்தில் 50 கிலோ என அச்சிடப்பட்டிருக்கின்றது. சீனி மூடை 50 கிலோ. பசளை மூடையும் 50 கிலோ. சீமெந்தும் பசளையும் அந்தர்க் கணக்கில் விற்கப்பட்ட காலத்தை முதியோர் அறிவர். ஓர் அந்தர் என்பது 112 இறாத்தல். ஏறத்தாழ 51 கிலோ. அளவை முறை மாறியபின்னும் சுமை மாறவில்லை. அந்த எண் வணிகரின் கணக்குப் புத்தகத்திற் பிறந்தது. அதைத் தூக்குபவனின் உடலை அளந்து பெறப்பட்டதன்று.

இவ்வினாவை இப்பொழுது எழுப்புதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும், அதனோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் இந்நாட்டின் வீடுகளையும் பாலங்களையும் பெருந்தொகையாக அழித்தன. அழிந்தவற்றை மீளக் கட்டுவதற்கு வேண்டிய நிதியைப் பற்றி நாம் நிறையப் பேசுகின்றோம். வேண்டிய சீமெந்தைப் பற்றியும் பேசுகின்றோம். லொறி ஏற முடியாத மலைச் சரிவிலும், குறுகிய ஒழுங்கையிலும் அச்சீமெந்தின் கடைசிப் பயணம் மனித முதுகின் மீதே நிகழும் என்பதைப் பற்றிப் பேசுவார் அரியர்.

கொழும்புப் புறக்கோட்டையின் மொத்த வியாபாரத் தெருக்களிற் சுமை தூக்குவோரை நாட்டாமி என்றே யாவரும் அழைப்பர். சிங்கள மொழியிலும் அச்சொல் வழங்குகின்றது. நாட்டாமை என்னும் நம் சொல்லே அங்ஙனம் நின்றது போலும். ஊரை நடத்துபவனுக்குரிய பெயர் ஊருக்காகச் சுமப்பவனுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. பெயரிற் கிடைத்த பெருமை அவனுடைய தொழிலுக்குக் கிடைத்ததா என்பதே நாம் ஆராய வேண்டியது.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். "இவர்கள் பழகியவர்கள், இவர்களால் முடியும்" என்று நாம் சொல்லிக்கொள்கின்றோம். முடியும் என்பது உண்மையே. நேபாளத்தில் நாம்சே சந்தைக்கு மலைப்பாதையாற் செல்லும் சுமைகாரரை அளந்து, 2005ஆம் ஆண்டு 'சயன்ஸ்' என்னும் ஆய்விதழில் அறிஞர் சிலர் எழுதினர். ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையின் நூற்றுக்கு 93 பங்கையும், பெண்கள் நூற்றுக்கு 66 பங்கையும் சுமந்து சென்றனர் என்பது அவர்கள் கண்டது. அப்பாரத்தை அவர்கள் மிகச் சிக்கனமான சக்திச் செலவிற் சுமக்கின்றனர் என்பதும் அவ்வாய்வின் முடிபு. வியத்தற்குரிய செய்தியே. ஆயினும், அங்கு அளக்கப்பட்டது மூச்சின் செலவு. முள்ளந்தண்டின் தேய்வு அன்று. இன்று ஒருவனால் முடிவது வேறு. இருபதாண்டுகள் நாள்தோறும் செய்தும் ஊறுபடாமல் இருப்பது வேறு. முன்னையது வல்லமையைப் பற்றியது, பின்னையது பாதுகாப்பைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே நம் பிழை.

முதுகில் நிகழ்வது யாதென்பதை நம் கிணற்றடித் துலாவைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். துலாவின் நீண்ட புயத்தில் தொங்கும் சிறு வாளி நீரை ஈடுசெய்வதற்கு, அதன் குறுகிய புயத்திற் பெரும் பாரம் கட்ட வேண்டியிருக்கின்றது. குனிந்து ஒரு பொருளைத் தூக்குபவனின் இடுப்பும் அத்தகைய துலாவே. அவனுடைய முள்ளந்தண்டின் பின்னே, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில், முதுகுத் தசைகள் நின்று இழுக்கின்றன. அவன் கைப்பாரமோ முன்னே 50 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கக்கூடும். அப்பொழுது 20 கிலோ பாரத்தைத் தாங்குவதற்கு அத்தசைகள் 200 கிலோவுக்கு ஒப்பான விசையுடன் இழுத்தல் வேண்டும். குனிந்த உடலின் எடை இதற்குப் புறம்பு. இத்தனை அழுத்தமும் இடுப்பு எலும்புகளுக்கிடையே உள்ள மெல்லிய தட்டுகளின் மீது விழுகின்றது. அத்தட்டுகளுக்கு நேரடியான இரத்தவோட்டம் மிகக் குறைவு. ஆதலின் அவை ஊறுபட்டால் எளிதில் ஆறுவதில்லை.

பாரத்தை முதுகின்மேல் ஏற்றியபின் அது தண்டுக்கு அண்மையில் அமைவதால் துலாவின் நீண்ட புயம் குறுகிவிடுகின்றது. பெரிய அபாயம், நிலத்திலிருந்து எடுக்கும்பொழுதும் மீண்டும் இறக்கும்பொழுதும் நேர்வது. மூடையைத் தூக்கிவிட இருவரும், முதுகு கொடுக்க ஒருவருமாக நாட்டாமிகள் தொழில் செய்வது இதை அநுபவத்தால் அறிந்தமையாலேயே.

இவ்வுண்மையை எண்களாக வகுத்தவர்களுள் அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தார் முக்கியமானவர்கள். 1981இல் அவர்கள் ஒரு சூத்திரத்தை வெளியிட்டு, 1991இல் அதைத் திருத்தினர். திருத்திய சூத்திரத்தின்படி, யாவும் சாதகமாக அமைந்தவிடத்து இரு கைகளாலும் தூக்கத்தக்க எடை 23 கிலோ மாத்திரமே. பொருள் உடலை ஒட்டி இருத்தல் வேண்டும், இடுப்பின் அண்மையில், 75 சென்ரிமீற்றர் உயரத்தில் இருத்தல் வேண்டும், பிடிக்க நல்ல பிடி வேண்டும், உடல் திரும்பலாகாது, அடிக்கடி தூக்கலாகாது. இவற்றுள் ஒன்று குறையினும் அளவு குறையும். பொருள் 50 சென்ரிமீற்றர் அப்பால் இருந்தால் 23 கிலோ பாதியாகி 11½ கிலோ ஆகின்றது. அதே பொருள் நிலத்திற் கிடந்தால் ஏறத்தாழ 9 கிலோ ஆகின்றது. 45 பாகை உடலைத் திருப்பி வைக்க வேண்டுமாயின் 8 கிலோவுக்கும் குறைகின்றது. இச்சூத்திரம் தூக்குதலுக்கே உரியது. நெடுந்தூரம் சுமந்து செல்வதை அது அளப்பதில்லை என்பதையும் நேர்மையுடன் சொல்லுதல் வேண்டும். எனினும், பிடியற்ற மூடையை நிலத்திலிருந்து குனிந்தெடுக்கும் ஒருவன் எந்த எல்லையைக் கடக்கின்றான் என்பதை இவ்வெண்கள் நன்கு உணர்த்துகின்றன.

உலக நாடுகள் இதுபற்றி வாளாவிருக்கவில்லை. 1967இல் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் தாபனம், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு விளைக்கக்கூடிய பாரத்தைச் சுமக்குமாறு எத்தொழிலாளியையும் பணித்தலும் கூடாது, அநுமதித்தலும் கூடாது என ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது. 'அநுமதித்தலும்' என்னும் சொல் கருதத்தக்கது. "அவனே விரும்பித் தூக்கினான்" என்னும் சமாதானத்துக்கு அது இடம்வைக்கவில்லை. அதனோடு வெளிவந்த விதப்புரை, வயதுவந்த ஆணொருவனுக்கு 55 கிலோவே உச்ச எல்லை எனக் கொண்டது. அதற்கு மேற்பட்ட பாரத்தை அநுமதிக்கும் நாடுகள் அதை விரைவிற் குறைத்தல் வேண்டும் என்றது. நமது 50 கிலோ மூடை இந்த எல்லைக்குள் மயிரிழையில் அடங்குவதைக் கண்டு நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. 1967இல் 55 கிலோ என்றது நூறு கிலோ மூடைகளும் வழக்கிலிருந்த காலத்து உலகத்தை ஒருபடி கீழிறக்கவே. அதன் பின்னர் அறிவு வளர்ந்திருக்கின்றது, எல்லைகள் இறங்கியிருக்கின்றன.

சில்லி நாட்டின் வரலாறு இதற்குச் சான்று. 2005ஆம் ஆண்டின் சட்டம் அங்கே ஆணுக்கு 50 கிலோ என வரையறுத்தது. 2016இல் நிறைவேறிய சட்டம் அதை 25 கிலோவாகக் குறைத்தது. பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கும் எல்லை 20 கிலோ. அந்நாட்டு மக்கள் அதனை 'மூடைச் சட்டம்' என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். பெயர் பொருத்தமானது. தொழிலாளிக்கு எவ்வாறு குனிய வேண்டும் எனப் போதிப்பதிலும் பார்க்க, மூடையைச் சிறிதாக்குதல் பயன் தரும் என்பதை அச்சட்டம் உணர்ந்துள்ளது.

தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. கனடாவுக்கும் இலண்டனுக்கும் பயணமாகும் நம்மவர், கட்டுநாயக்காவிற் பெட்டியைத் திறந்துவைத்து மிளகாய்த்தூளையும் ஒடியல்மாவையும் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு மாற்றும் காட்சியை யார் அறியார்? மேலதிகப் பணம் கட்டினாலும், 32 கிலோவைத் தாண்டிய ஒரே பெட்டியைப் பெரும்பாலான விமானக் கம்பனிகள் ஏற்பதில்லை. விமானத்துக்கு 32 கிலோ ஒரு பொருட்டன்று. அது பெட்டியைத் தூக்கும் தொழிலாளியின் முதுகைக் கருதி வைக்கப்பட்ட எல்லை. அதே தொழிலாளியின் தம்பி புறக்கோட்டையில் நின்றால் அவனுக்கு 50 கிலோ. இந்த வேறுபாடு உடலில் இல்லை. சட்டத்திலும் பேரம் பேசும் வலிமையிலுமே இருக்கின்றது.

நம் நாட்டு ஆட்சியாளர் மூடையைப் பற்றிச் சிந்தித்ததே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2011ஆம் ஆண்டு, மரக்கறிகளையும் பழங்களையும் சாக்குகளில் அடையாமற் பிளாஸ்ரிக் கூடைகளில் ஏற்றுதல் வேண்டும் என நுகர்வோர் விவகார அதிகாரசபை விதித்தது. தம்புள்ளையில் எதிர்ப்பு மூண்டது, சாக்குகள் மறையவில்லை. ஆயின் அவ்விதி எதன் பொருட்டுப் பிறந்தது என்பதை நோக்குக. தக்காளி நசியாமல் இருப்பதற்காகவே பிறந்தது. தக்காளிக்குக் கிடைத்த கரிசனை அதைச் சுமப்பவனுக்குக் கிடைக்கவில்லை. கைப்பிடியுள்ள கூடை அவனுக்கும் நன்மை தருவதென்பதை யாரேனும் எடுத்துரைத்திருந்தால், அவ்விதிக்கு மக்களிடையே வேறொரு நியாயமும் கிடைத்திருக்கும்.

நட்டஈட்டு விடயத்திலும் இக்குறை தோன்றுகின்றது. 1934ஆம் ஆண்டிலிருந்து தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமக்கு உண்டு. பலகையிலிருந்து சறுக்கி விழுந்து கால் முறிந்தவனுக்கு நாளும் உண்டு, சாட்சியும் உண்டு. இருபதாண்டுகளில் மெல்ல மெல்லத் தேய்ந்த முதுகுக்கு விபத்து நிகழ்ந்த நாள் எது? அவன் யாருடைய தொழிலாளி? காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு லொறி என உழைப்பவனுக்கு முதலாளியைக் காட்டுவதே அரிது. மகாராட்டிர மாநிலம் இச்சிக்கலுக்கு 1969இலேயே ஒரு வழி கண்டது. சுமைதொழிலாளருக்கென இயற்றிய சட்டத்தால், தொழிலாளரையும் முதலாளிமாரையும் ஒரு சபையிற் பதிவுசெய்து, கூலியோடு ஒரு தீர்வையும் அறவிட்டு, சேமலாபம் முதலிய நன்மைகளை வழங்க ஏற்பாடு செய்தது. பல முதலாளிமாருக்கு உழைப்பவன் ஒருவருக்கும் உரியவனல்லன் என்று கைவிடப்படலாகாது என்பதே அதன் தத்துவம்.

மூடையைச் சிறிதாக்குவதை முதலில் எதிர்ப்பவர் சுமப்பவராகவே இருத்தல் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. மூடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவன், பாதி மூடைக்குப் பாதிக் கூலி என்றால், இரட்டிப்பு நடை நடக்க வேண்டுமே என்று அஞ்சுவான். அவ்வச்சம் நியாயமானது. அடிக்கடி தூக்குதலும் தீங்கே என்று மேற்சொன்ன சூத்திரமும் கூறுகின்றது. ஆதலின் எடையைக் குறைப்பது மட்டும் போதாது. கூலியை மூடைக் கணக்கிலன்றி மொத்த எடைக் கணக்கில், இப்பொழுது பெறுவதற்குக் குறையாமல் நிர்ணயித்தல் வேண்டும். தள்ளுவண்டி செல்லத் தெருவில் இடம் ஒதுக்குதல் வேண்டும். லொறித் தட்டின் உயரத்துக்கு மேடைகள் அமைத்தல் வேண்டும். சிறிய பையால் விலை ஏறும் என வணிகர் கூறுவர். சற்றே ஏறவும் கூடும். அவ்வேற்றத்தை இதுகாறும் ஒருவன் தன் முதுகாற் செலுத்திவந்தான் என்பதே என் மறுமொழி.

இது நமக்குப் புதிய சிந்தனையுமன்று. யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களில் இன்றும் சில சுமைதாங்கிகள் எஞ்சி நிற்கின்றன. சூலுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக உறவினர் அவற்றை நாட்டுவது வழக்கம். அவள் இறக்கிவைக்க இயலாத சுமையை எண்ணி, வழிப்போக்கரின் சுமைக்கு ஓர் இடம் தந்தனர். சுமைதாங்கியின் உயரத்தைக் கவனித்தோர் ஒன்றை உணர்வர். அது குனிந்து இறக்கவேண்டிய உயரமன்று. நின்றபடியே தலையிலிருந்தோ தோளிலிருந்தோ சுமையைச் சாய்த்து வைத்து, மீண்டும் நின்றபடியே ஏற்றிக்கொள்ளும் உயரம். எடுப்பதிலும் இறக்குவதிலுமே தீங்கு உளதென்பதை நம் முன்னோர் சூத்திரமின்றியே அறிந்திருந்தனர். கருவுற்ற பெண்ணின் உடல்நலத்துக்குத் தீங்கு நேருமென வைத்தியர் கருதினால், அவளைச் சுமை சுமக்கும் வேலையில் ஈடுபடுத்தலாகாது என்று 1967ஆம் ஆண்டின் விதப்புரையும் கூறுகின்றது. கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏந்தி மலைச் சரிவில் இறங்கும் பெண்ணுக்கு இவ்விரண்டும் இன்று எட்டவேண்டும்.

தொழிற் சட்டங்களைத் திருத்துவது பற்றி நம் நாட்டிற் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. அத்திருத்தத்தில் ஒரு மூடைச் சட்டமும் இடம்பெறல் வேண்டும் என நான் கருதுகின்றேன். மனிதர் தூக்குவதற்கென விற்கப்படும் பையின் எடை 25 கிலோவுக்கு மேற்படலாகாது என்றும், அதைச் சில ஆண்டுகளிற் படிப்படியாக நிறைவேற்றுதல் வேண்டும் என்றும் அது விதித்தல் வேண்டும். அதைக் கேட்கும் கடமை நாட்டாமிகளுக்கு மட்டும் உரியதன்று. அவர்கள் சுமந்த அரிசியை உண்டு, அவர்கள் சுமந்த சீமெந்தால் எழுந்த பள்ளிகளிற் கற்பிக்கும் ஆசிரியருக்கும் கற்கும் மாணவருக்கும் அதில் பங்குண்டு.