பாலஸ்தீனத்தின் கஜானா சாவி யார் கையில்?

காஸாவைத் திரும்பக் கட்டி எழுப்ப 10 ஆண்டுகளில் 5,300 கோடி டாலர் வேண்டும் என்று உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் சபையும் ஐரோப்பிய யூனியனும் 2025 பிப்ரவரியில் கணக்குக் கொடுத்தன. அதன் பிறகு திட்டங்களுக்குக் குறைவில்லை. துறைமுகம் வரும், ஓட்டல்கள் வரும், புது நகரம் வரும் என்று படம் வரைந்து காட்டுகிறார்கள். பணம் கொடுப்பது யார், காண்ட்ராக்ட் எடுப்பது யார் என்ற பேச்சு பலமாக நடக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கட்டி முடித்த பிறகு அந்த நாட்டின் வரியை வசூலிப்பது யார்? நிலத்துக்கும் தண்ணீருக்கும் உத்தரவு கொடுப்பது யார்? பாலஸ்தீனத் தொழிலாளி காலையில் எழுந்து எங்கே வேலைக்குப் போவான்? இவற்றுக்கு விடை சொல்லாத திட்டம் எவ்வளவு பெரிய தொகையோடு வந்தாலும், 2023க்கு முன் அந்த மக்கள் நின்ற இடத்திலேயே அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தும். அந்த இடம் எப்படிப்பட்டது?

வரியை வசூலிப்பவன் ஒருவன், சம்பளம் கேட்பவன் ஒருவன்

1993ல் ஆஸ்லோ ஒப்பந்தம் வந்தது. அதையொட்டி 1994 ஏப்ரல் 29ந் தேதி பாரிஸில் பொருளாதார ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. ஐந்தாண்டு இடைக்காலத்துக்கு என்று சொல்லிப் போட்டார்கள். 30 ஆண்டுகள் கடந்த பிறகும் அதுதான் பாலஸ்தீனப் பொருளாதாரத்தின் சட்டமாக இருந்து வந்திருக்கிறது.

அந்த ஒப்பந்தம் சொல்வது இதுதான். பாலஸ்தீனத்துக்கு வரும் சரக்குக்கு இறக்குமதித் தீர்வையை இஸ்ரேல் வசூலிக்கும். 100க்கு 3 வீதம் வசூல் கூலியாகப் பிடித்துக்கொண்டு மீதியை மாதாமாதம் பாலஸ்தீன நிர்வாகத்துக்குக் கொடுக்கும். தீர்வை விகிதமும் பெரும்பாலும் இஸ்ரேலுடையதுதான். புழங்கும் நாணயம் இஸ்ரேலின் ஷெகல். இஸ்ரேலிய வியாபாரி தன் பெயரில் இறக்குமதி செய்து பாலஸ்தீனக் கடைக்கு விற்றால், அந்தத் தீர்வை இஸ்ரேலின் கஜானாவிலேயே தங்கிவிடுகிறது.

பாலஸ்தீன நிர்வாகத்தின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியாக வருவது. ஆகவே, தகராறு வரும்போதெல்லாம் இஸ்ரேல் குழாயை மூடுகிறது. 2019ல் ஒரு பகுதியைப் பிடித்து வைத்தது. அரசாங்க ஊழியருக்குப் பாதிச் சம்பளந்தான் கிடைத்தது. 2021 இறுதியிலிருந்து முழுச் சம்பளம் என்பதே அபூர்வமாயிற்று. 2023ல் மேற்குக் கரை ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டி வந்தது. 2025 மே மாதத்திலிருந்து மாதக்கணக்கில் வரிப்பணம் அடியோடு நிறுத்தப்பட்டது. அந்த வரி பாலஸ்தீன மக்கள் வாங்கிய சர்க்கரைக்கும் சிமெண்டுக்கும் பெட்ரோலுக்கும் அவர்களே கொடுத்த பணம்! சம்பளப் பட்டுவாடா நாளில் பூட்டிய கேட்டைப் பார்த்து நின்ற ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கூலிக்கு அடுத்தவன் வாசல்

உள்ளூரில் வேலை இல்லை. இஸ்ரேலில் கூலி இரண்டு மடங்குக்கு மேல். 2023 அக்டோபருக்கு முன் மேற்குக் கரையில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இஸ்ரேலிலோ யூதக் குடியிருப்புகளிலோ வேலை பார்த்தார். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். பெரும்பாலோர் கட்டட வேலைக்காரர்கள். விடியுமுன் எழுந்து சோதனைச் சாவடியில் வரிசை நின்று போனார்கள். பர்மிட் பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் மாதம் 2,000 ஷெகலுக்கு மேல் அவர்களிடம் கறந்தார்கள்.

2023 அக்டோபர் 7க்குப் பின் அந்த வாசல் மூடப்பட்டது. மிகச் சிலரைத் தவிர மற்ற எல்லோரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். இந்தக் கூலியை நம்பி வாழ்ந்த மளிகைக் கடையும் தச்சுப்பட்டறையும் அதோடு படுத்தன. காஸாவிலோ, 2007 முதல் நடந்த முற்றுகையின் காரணமாக, போருக்கு முன்னரே 100க்கு 45 பேர் வேலையற்றவர்களாக இருந்தார்கள். அடுத்த நாட்டின் உத்தரவுச் சீட்டை நம்பி ஒரு ஜனசமூகத்தின் அடுப்பு எரிந்தால், அந்தச் சீட்டைக் கிழிக்கிற நாளில் எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் அணைந்துவிடும்.

நிலம் இருக்கிறது, கைவைக்க முடியாது

மேற்குக் கரை நிலத்தில் சுமார் 60 சதவிகிதம் ‘சி’ பகுதி என்ற பெயரில் முழுக்க இஸ்ரேல் ராணுவத்தின் அதிகாரத்தில் இருந்து வருகிறது. ஜோர்டான் பள்ளத்தாக்கின் நல்ல விளைநிலம் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். அங்கே கிணறு வெட்டவும் கொட்டகை போடவும் உத்தரவு வேண்டும். உத்தரவு கிடைப்பது அரிது. பக்கத்திலேயே குடியேற்றக்காரர்களின் பேரீச்சந் தோப்புகள் செழித்து நிற்கின்றன. அவற்றில் கூலிக்குக் காய் பறிப்பவர்கள் பாலஸ்தீன விவசாயத் தொழிலாளிகள். சட்டப்படி உள்ள குறைந்தபட்சக் கூலிகூட அவர்களில் பலருக்குக் கிடைப்பதில்லை.

இந்தப் பகுதியில் பாலஸ்தீனர்கள் தடையின்றித் தொழில் செய்ய முடிந்தால் அவர்கள் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 340 கோடி டாலர் கூடுதலாகக் கிடைக்கும் என்று 2013ல் உலக வங்கியே கணக்கிட்டது. அன்றைய மொத்த உற்பத்தியில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். காஸாவின் கடலில் 2000ல் கண்டுபிடிக்கப்பட்ட எரிவாயு கால் நூற்றாண்டாக எடுக்கப்படாமல் கிடக்கிறது. இவ்வளவு சொத்து இருந்தும் அவர்களைத் தர்மம் வாங்கிப் பிழைப்பவர்கள் என்று உலகம் பேசுகிறது.

கடன் கொடுத்தால் நாடு வளருமா?

2007க்குப் பின் மேற்குக் கரையில் வேறொரு பாதை முயலப்பட்டது. வரவு செலவைச் சீராக்கு, தனியார் முதலீட்டை அழை, வங்கிக் கடனைத் தாராளமாக்கு. சுதந்திரம் பின்னால் வரும் என்றார்கள். நிர்வாகம் ஒழுங்கானது உண்மை. ரமல்லாவில் மாடி வீடுகளும் எழுந்தன. ஆனால் கார் கடனும் வீட்டுக் கடனும் பெருகிய அளவுக்குப் பட்டறைகள் பெருகவில்லை. சுயமாக வளர்ந்த ஹெப்ரான் நகரத்துச் செருப்புத் தொழில், மலிவான சீனச் சரக்கு வந்து குவிந்தபோது நொடித்துப்போயிற்று. தீர்வையை உயர்த்தி அதைக் காப்பாற்றும் அதிகாரம் பாலஸ்தீன நிர்வாகத்திடம் இல்லை. 2019 ஜூனில் மனாமாவில் அமெரிக்கா 5,000 கோடி டாலர் திட்டம் ஒன்றை விரித்தது. ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்ற பேச்சு அதில் இல்லை.

குற்றம் முழுவதும் வெளியில் இருப்பதாகவும் சொல்ல முடியாது. பாலஸ்தீன நிர்வாகத்தின் பட்ஜெட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போலீசுக்கும் பாதுகாப்புப் படைக்கும் போயிற்று; விவசாயத்துக்கு 100க்கு 1 வீதந்தான். 2022ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,880 ஷெகல் என்று உயர்த்தப்பட்டது. தையல் பட்டறைகளிலும் பாலர் பள்ளிகளிலும் வேலை செய்யும் பெண்களில் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை. இதற்குப் பாரிஸ் ஒப்பந்தம் தடையாக இருக்கவில்லை.

எது முதலில்?

முதலில் சுங்கம். பாலஸ்தீனத்தின் வரி நேராகப் பாலஸ்தீனத்தின் கஜானாவுக்கு வர வேண்டும். எந்தச் சரக்குக்கு எவ்வளவு தீர்வை என்று அவர்களே நிர்ணயிக்க வேண்டும். எகிப்தோடும் ஜோர்டானோடும் நேர் வழியில் வியாபாரம் செய்யத் துறைமுகமும் எல்லையும் வேண்டும். தீர்வை போட்டால் ஏழைக்கு விலை ஏறாதா என்று கேட்கலாம். ஏறும். ஆகவே அரிசிக்கும் மாவுக்கும் மருந்துக்கும் தீர்வை கூடாது. உள்ளூரில் செய்யக்கூடிய செருப்புக்கும் துணிக்கும் மட்டும் காலக்கெடு வைத்துப் போடலாம்.

சொந்த நாணயம் உடனே வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எல்லையும் ஏற்றுமதியும் கையில் இல்லாத நாட்டில் நோட்டு அடித்தால் விலைவாசி ஏறும்; அடிபடுபவன் கூலிக்காரன். அது பின்னால் வர வேண்டிய காரியம்.

இரண்டாவது நிலமும் தண்ணீரும். ஒலிவ மரத்தை நம்பி வாழும் குடும்பங்கள் சுமார் 1 லட்சம். பட்ஜெட்டில் விவசாயத்தின் பங்கை உயர்த்த யாருடைய அனுமதியும் வேண்டாம். கூட்டுறவு எண்ணெய்ச் செக்கு, விதை, பயிர்க் கடன் ஆகியவற்றை ஆக்கிரமிப்பு இருக்கும்போதே தொடங்கலாம். 1988ல் பெய்ட் சஹூர் ஊர் மக்கள் இஸ்ரேலியப் பாலை வாங்க மறுத்து 18 பசுக்களை வாங்கிச் சொந்தமாகப் பால் பண்ணை வைத்தார்கள். ராணுவம் அந்தப் பசுக்களையே நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அறிவித்துத் தேடியலைந்தது! பதினெட்டுப் பசுக்கள் ஒரு நாட்டை விடுவித்துவிடாது. எதற்கு அதிகாரிகள் பயப்படுகிறார்கள் என்பதை மட்டும் அவை காட்டிக் கொடுத்தன.

மூன்றாவது காஸாவின் கட்டுமானம். 2014 போருக்குப் பின் சிமெண்ட் மூட்டைக்கும் இஸ்ரேலின் சம்மதம் வேண்டியிருந்தது. கள்ளச் சந்தைதான் கொழுத்தது. இம்முறை கொத்து வேலையும் தச்சு வேலையும் காஸாவின் தொழிலாளிக்கே, சங்கம் வைக்கும் உரிமையோடு, நிர்ணயமான கூலியில் கிடைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை இஸ்ரேலுக்கு வேலைக்குப் போகிறவனைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவன் பிள்ளைகளுக்கு இன்றைக்குச் சாப்பாடு வேண்டும். தரகனை ஒழித்து, கூலியையும் நஷ்ட ஈட்டையும் பாதுகாத்து, போகிறவர் தொகையை ஆண்டுக்காண்டு குறைக்கும் அளவுக்கு உள்ளூரில் வேலையை உண்டாக்குவதுதான் நேர்மையான கொள்கை.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வாசல் மூடப்பட்ட இடத்தை நிரப்ப, 2023 நவம்பரில் செய்த உடன்படிக்கைப்படி இந்தியாவிலிருந்து கட்டடத் தொழிலாளர்கள் இஸ்ரேலுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்தியத் தொழிற்சங்கங்கள் அன்றே கண்டித்தன. போன மேஸ்திரியும் வறுமையால் போனவர்தான். அவர்மேல் கோபம் வேண்டாம். ஒரு தொழிலாளியின் வேலையைப் பறித்து இன்னொரு நாட்டுத் தொழிலாளியிடம் கொடுக்கும் உடன்படிக்கையை எதிர்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

நாளை காஸாவின் பேரால் புதிய திட்டம் ஏதாவது பத்திரிகையில் வந்தால், தொகை எத்தனை கோடி என்று பார்க்கிற இடத்தில் நிறுத்தாதீர்கள். சுங்கம் யாரிடம், கிணறு யாரிடம், கூலி யாருக்கு என்று தேடிப் பாருங்கள். அந்த மூன்றும் இல்லாவிட்டால் அந்தத் திட்டம் பாலஸ்தீன மக்களுக்காகப் போட்டதல்ல.