நெய்தலுக்குப் பருவம் ஆறு

அரையாண்டுத் தேர்வு முடிந்து கிடைக்கும் விடுமுறை சில நாள்களே. அந்நாள்களை எங்குக் கழிப்பது என்னும் பேச்சு வீட்டில் எழும்போது, கடலோர ஊர் ஒன்றுக்குச் செல்லலாம் என்று நாம் சொன்னால், "இந்தப் பனியிலா? மழையே இன்னும் முழுதாக விடவில்லை, கடற்கரைக்குக் கோடையில் போனால் போதும்" என்று பெரியவர்கள் மறுப்பதுண்டு. சுற்றுலாத் தொழிலும் ஆண்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கூட்டம் வரும் காலம் 'சீசன்'. வராத காலம் 'சீசன் இல்லாத காலம்'. இப்பிரிவினை வணிகருக்குப் பொருந்தலாம். கடலை அறிய விரும்பும் மாணவருக்குப் பொருந்தாது. கூட்டம் குறைந்த மார்கழி நாள்களே கடலோரச் சிற்றூரைக் காண ஏற்றவை என்பது என் கருத்து. ஆனால், அங்கு நாம் நுகர்வோராக அன்றி விருந்தினராகச் செல்ல வேண்டும்.

ஓய்வறியா நிலம்

அகப்பொருள் இலக்கணத்தை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். முல்லைக்குக் கார்காலமும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு இளவேனிலும் முதுவேனிலும் பின்பனியும் பெரும்பொழுதுகளாக வகுக்கப்பட்டன. மருதத்துக்கும் நெய்தலுக்கும் மட்டும் ஆறு பெரும்பொழுதுகளும் உரியவை. வயலும் கடலும் உணவு தரும் நிலங்கள். அங்கு உழைப்போருக்குப் பருவந்தோறும் பணி உண்டு. இலக்கணத்தின் இவ்வகுப்பை அவ்வுழைப்பின் அடையாளமாகவும் கொள்ளலாம் அன்றோ? நெய்தலில் 'பருவம் இல்லாத காலம்' என்று ஒன்று இல்லை. நாம் செல்லாத மாதங்களில் அந்நிலம் எவ்வாறு வாழ்கிறது என்பதை அறியாததே நம் குறை.

இதனை உணர்த்த வல்ல ஊர் ஒன்று சென்னைக்கு அருகிலேயே உள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோர், முட்டுக்காட்டையும் கோவளத்தையும் கடந்ததும் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் திருவிடந்தையை அடைவர். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 108 வைணவத் திருத்தலங்களுள் ஒன்று, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. திருமகளை இடப்பக்கத்தில் ஏந்திய வராகப் பெருமாளின் கோலமே 'திரு இட எந்தை' என ஊர்ப்பெயராயிற்று என்பர். காலவ முனிவரின் 360 மகளிரை நாளுக்கு ஒருவராக இறைவன் மணந்தார் என்று தலவரலாறு கூறுகிறது. அதனால் இறைவனுக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்று பெயர். மார்கழியில் நம் இல்லங்களில் திருமணம் நடத்தும் வழக்கம் இல்லை. மணமண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். இக்கோயிலிலோ மார்கழியிலும் மணவிழா உண்டு. கோயிலுக்குக் கிழக்கே விரியும் கடலும் அவ்வாறே. அதற்கும் விலக்கப்பட்ட மாதம் இல்லை.

மார்கழிக் கரை கற்பிப்பவை

கோடையில் நாம் காணும் கடற்கரையில் பலூன் கடைகளும் மக்கள் திரளும் முன் நிற்க, படகுகள் பின்னணியாகிவிடும். மார்கழியின் வேலைநாள் ஒன்றில் அக்கரைக்குச் சென்றால் காட்சி மாறும். விடியலுக்கு முன் கடலுக்குச் சென்ற கண்ணாடியிழைப் படகுகள் காலையில் கரை திரும்பும். வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுப்போர் ஒருபுறம், விலை பேசும் பெண்கள் ஒருபுறம் எனக் கரை சுறுசுறுப்பாக இயங்கும். கடல் சீறும் நாளில் படகுகள் மணல்மேட்டில் ஏற்றப்பட்டிருக்க, அவற்றின் நிழலில் அமர்ந்து வலைகளைச் செப்பனிடுவர்.

அந்த ஓய்வு நேரத்தில், "அண்ணா, இன்று நீரோட்டம் எப்பக்கம்?" என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள். சென்னைக் கடலோர மீனவர்கள், வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை 'வன்னி' என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் 'தெண்டி' என்றும் வழங்குவர். காற்றின் திசை மாறும்போது நீரோட்டமும் மாறுகிறது. அதனோடு கரைமணலும் இடம் பெயர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணல், வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் பகுதியில் கரை அரிக்கப்பட்டதும் இம்மணலோட்டம் தடைபட்டதன் விளைவுகளே. புவியியல் பாடத்தில் ஒரு பத்தியாகப் படிப்பதை இங்கே கண்ணால் காணலாம்.

மணலைப் போலவே நீரும் நகரத்தோடு தொடர்புடையது. திருவிடந்தைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கி வருகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறனுடன் அது அமைக்கப்பட்டது. சென்னை மக்கள் உண்ணும் மீனும் பருகும் நீரும் இக்கரையிலிருந்து செல்கின்றன. அவ்வாறிருக்க, கடலோர ஊர்களை வார இறுதிக் கேளிக்கைக்கான இடங்களாக மட்டும் கருதுவது நன்றி மறந்த செயலாகும்.

அலையும் அறிவும்

மார்கழிப் பயணத்தை நான் பரிந்துரைப்பதால் மார்கழிக் கடலில் நீராடுவதையும் பரிந்துரைக்கிறேன் என்று கொள்ளற்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இக்காலத்தில் பெய்கிறது. புயல்களும் இக்காலத்தில்தான் கரையேறுகின்றன. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. எனவே, புறப்படுமுன் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்ப்பது பயணத் திட்டத்தின் முதற்படி.

வானம் தெளிந்த நாளிலும் அலைகள் வலிமை குன்றுவதில்லை. கரையில் மோதிய நீர் கடலுக்குத் திரும்பும்போது, சில இடங்களில் குறுகிய வழியில் திரண்டு விரைந்து பாயும். அவ்விடத்தில் அலைகள் பெரிதாக உடையாததால் கடல் அமைதியாக இருப்பது போலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி இறங்குவோரை அந்நீரோட்டம் உள்ளே இழுத்துச் செல்லும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இட்டால் வலுவிழப்பர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதன் பிடியிலிருந்து விலக வேண்டும். விடுமுறை நாளில் மாணவர் கடலில் மூழ்கினர் என்னும் செய்தியை எத்தனை முறை நாளிதழ்களில் படித்திருக்கிறோம்! "இங்கே இறங்காதே, தம்பி" என்று உள்ளூர் மீனவர் சொன்னால், அது கடலைப் படித்தவர் சொல்லும் சொல். தட்டாமல் கேட்க வேண்டும்.

நினைவு சுமக்கும் நாள்

அரையாண்டு விடுமுறைக்குள் வரும் டிசம்பர் 26ஆம் நாளைப் பயணத்துக்குத் தேர்ந்தெடுப்போர் ஒன்றை மறக்கலாகாது. 2004ஆம் ஆண்டு அதே நாளில் எழுந்த ஆழிப்பேரலை, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுசென்றது. இன்று பதினொன்றாம் வகுப்பில் பயிலும் நீங்கள் அன்று பிறந்திருக்கவில்லை. கரையில் வலை பின்னும் முதியவரோ அந்நாளைக் கடந்து வந்தவர். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் மீனவ ஊர்களில் கடலில் மலர் தூவி, பால் ஊற்றி அஞ்சலி செலுத்துகின்றனர். அக்கரையில் அன்று ஒலிபெருக்கி வைத்து ஆடிப் பாடுவது துக்க வீட்டில் ஆடுவதற்கு ஒப்பாகும். தலை தாழ்த்தி உடன் நிற்பதே முறை.

கொண்டுசென்ற கடல் ஒன்றைக் காட்டியும் சென்றது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அப்பேரலை மணலை அகற்றியதால் கல்வெட்டுடைய பாறை வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து 2005இல் நடந்த அகழாய்வில் முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கும் கீழே, சங்ககாலத்தது எனத் தொல்லியல் அறிஞர் கருதும் செங்கற்கோயிலின் பகுதிகள் இருந்தன. திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியிலேயே உள்ள அவ்விடத்தைக் காணாமல் கடற்கோயிலுக்கு விரைவது பேரிழப்பு.

எதிர்வாதமும் விடையும்

"கூட்டம் இல்லாத நாளிலாவது அவ்வூர்களை அமைதியாக விடலாகாதா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தாய்லாந்தின் மாயா விரிகுடா, பயணிகளின் நெரிசலால் பவளப்பாறைகள் அழிந்ததையடுத்து 2018இல் மூடப்பட்டது. 2022இல் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுடன்தான் திறக்கப்பட்டது. ஆனால், அங்குக் கேடு விளைத்தது ஒரே இடத்தில் அளவின்றித் திரண்ட கூட்டம். நான் கூறுவது அதற்கு மாறானது. ஆங்கிலப் புத்தாண்டு இரவிலும் காணும் பொங்கலிலும் திரள்வோர், சிறு குழுக்களாக வேறு நாள்களில் பிரிந்து சென்றால் கரைக்குச் சுமை குறையும். இட்லிக்கடைக்கும் இளநீர் வண்டிக்கும் விற்பனையற்ற நாள்களில் சிறு வருவாய் கிட்டும். கோவளத்தில் மீனவ இளைஞர்கள் பலர் அலைச்சறுக்கு கற்பிக்கும் ஆசிரியர்களாக உயர்ந்துள்ளனர். பயணிகளின் வருகை, ஊராரைப் பணியாளராக்காமல் ஆசானாக்கவும் கூடும் என்பதற்கு அவர்களே சான்று.

மனிதர் மட்டுமன்றி வேறொரு விருந்தினரும் இக்காலத்தில் கரைக்கு வருகின்றனர். பங்குனி ஆமைகள் எனப்படும் சிற்றாமைகள் ஜனவரி முதல் முட்டையிட வருகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் ஒளி தெரியும் திசையைக் கடலென எண்ணி நகரும். கரையில் எரியும் விளக்குகள் அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடலோரத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியது நாட்டையே கவலையுறச் செய்தது. சென்னையில் 1988 முதல் மாணவர்களைக் கொண்ட அமைப்பு ஒன்று, இரவில் கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகிறது. உங்களையொத்த வயதினரின் பனிக்கால இரவு இவ்வாறும் பயன்படக்கூடும்.

வழிகாட்டுவோரும் வழிச்செல்வோரும்

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. வழியறிந்தவன் வழியறியாதவனுக்கு, எந்த நிலத்தில் எவர் வாழ்கின்றனர், அவர்தம் உணவும் விருந்தோம்பலும் எத்தகையன என்று எடுத்துரைக்கும் இலக்கியம் அது. இன்றைய கைப்பேசி வரைபடம் தொலைவைச் சொல்கிறது. அங்கு வாழும் மனிதரைச் சொல்வதில்லை. அக்குறையை நம் திட்டமிடல்தான் நிறைவு செய்ய வேண்டும். வைகுண்ட ஏகாதசி போன்ற கூட்ட நாள்களைத் தவிர்த்து ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுப்போம். பேருந்தில் செல்வோம். படமெடுக்குமுன் ஒப்புதல் கேட்போம். ஊர்க்கடையில் உண்போம். கொண்டுசென்ற நெகிழியைத் திரும்பக் கொண்டுவருவோம். கற்றுவந்த சொற்களை நாட்குறிப்பில் எழுதுவோம்.

அடுத்த ஆண்டு மற்றொருவர் அவ்வூருக்குப் புறப்படும்போது, அக்குறிப்பைக் கொடுத்து, "இன்னாரைப் பார், நான் சொன்னேன் என்று சொல்" என ஆற்றுப்படுத்த முடியுமானால், உங்கள் விடுமுறை வீணாகவில்லை.