பெயர் பெற்ற பூச்சி

வீட்டில் குழந்தை பிறந்தால் பெயர் சூட்டி மகிழ்கிறோம். அப்பெயரைப் பிறப்புப் பதிவேட்டிலும் ஏற்றுகிறோம். பதிவேட்டில் ஏறாத குழந்தையும் குழந்தைதான். அதற்கும் பசிக்கும், அதுவும் சிரிக்கும். ஆயினும் பள்ளியில் சேர்க்கும் நாளிலும், குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கும் நாளிலும் அதன் பெற்றோர் படும் பாடு நாம் அறிந்ததே. இருப்பது வேறு, இருப்பதாக உலகம் ஏற்றுக்கொள்வது வேறு. இந்த உண்மை மனிதருக்கு மட்டுமன்று, பூச்சிகளுக்கும் பொருந்துகிறது. அதனை விளக்கும் ஒரு சிறு பூச்சியின் கதையை இத்திங்கள் காண்போம்.

ஆங்கிலத்தில் 'ஸ்டோன்ஃபிளை' என வழங்கும் பூச்சியைத் தமிழில் 'கல் ஈ' எனலாம். பெயரில் ஈ இருப்பினும், இது நம் வீட்டு ஈயின் குலத்தைச் சேர்ந்ததன்று. ஈக்கு இறக்கைகள் இரண்டு. கல் ஈக்குப் பொதுவாக நான்கு. ஓய்ந்திருக்கும்போது அவற்றை முதுகின்மேல் மடித்துப் படிய வைத்துக்கொள்ளும். இளமைப் பருவத்தைப் பெரும்பாலும் ஓடும் நீரில், கற்களுக்கடியில் கழிக்கும். வளர்ந்தபின் கரையேறித் தோலுரித்து, சில நாட்களோ வாரங்களோ வாழ்ந்து, முட்டையிட்டு மடியும். டைனோசர்களுக்கும் முற்பட்ட தொன்மையான குலம் இது. உலகில் இதுவரை 3,500-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் சில வகைகள் உண்டு. தூய்மையும் குளிர்ச்சியும் பிராணவாயுவும் நிறைந்த நீரையே இவற்றுள் பெரும்பாலானவை நாடும். நீர் கெடத் தொடங்கினால் முதலில் மறைபவற்றுள் இவையும் அடங்கும். ஆதலால் ஓர் ஓடையின் நலத்தைச் சோதிப்போர், கல்லைப் புரட்டி இப்பூச்சிகளைத் தேடுகின்றனர்.

புதிய வகையொன்று கண்ணில் பட்டால் அதற்குப் பெயரிடுவது எவ்வாறு? "கண்டேன்" என்று சொன்னால் போதாது. ஓடையோரச் செடிகளைத் தட்டி, வளர்ந்த பூச்சிகளைப் பிடித்துச் சாராயத்தில் இட்டுக் காக்க வேண்டும். நிறத்தையும் உருவத்தையும் மட்டும் நம்பினால் ஏமாற நேரும். பல வகைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எனவே வயிற்றின் நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, முன்பே பெயர் பெற்ற வகைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வேறுபாட்டைச் சித்திரத்துடன் எழுதி வெளியிட வேண்டும். பெயர் இரு சொற்களாக அமையும். இம்முறையில் லின்னேயஸ் என்ற சுவீடன் அறிஞர் 1758-இல் வெளியிட்ட நூலே இன்றும் விலங்குகளின் பெயர்களுக்கெல்லாம் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பெயருக்குச் சான்றாக ஒரு பூச்சியைத் தனியே குறித்து, பெரும்பாலும் ஒரு காட்சிச்சாலையில் பாதுகாத்து வைப்பர். நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தாலும், அந்தப் பூச்சியே சாட்சி சொல்லும்.

இனி நம் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்கா உள்ளது. அங்கே உயர்ந்த மலைகளில் பனிப்பாறைகளிலிருந்து உருகி வழியும் நீரோடைகளில் ஒரு கல் ஈ வாழ்கிறது. நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. மீன்வள ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்ற கனடா அறிஞர் வில்லியம் ரிக்கர், 1952-இல் இதனை விவரித்தார். இன்று இதன் பெயர் 'லெட்னியா டுமானா'. தெற்கே கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையிலும், மேற்கே வாஷிங்டன் மாநிலத்தின் காஸ்கேடு மலையிலும் இதைப் போன்ற பூச்சிகள் கிடைத்தபோது, எல்லாம் ஒன்றே என எண்ணப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக லெட்னியா என்ற குடும்பப் பெயருக்கு ஒரே வாரிசுதான்.

2010-இல் அறிஞர்கள் மீண்டும் நுணுகி ஆராய்ந்தனர். வயோமிங் மாநிலத்தின் டீட்டன் மலையிலிருந்து கிடைத்த பூச்சி 'லெட்னியா டெட்டோனிகா' என்ற புதிய வகையாகப் பதிவாயிற்று. அதே ஆண்டில் காஸ்கேடு மலையின் பூச்சி 'லெட்னியா போரியாலிஸ்' என்றும், சியெரா மலையின் பூச்சி 'லெட்னியா சியெரா' என்றும் தனித்தனிப் பெயர் பெற்றன. ஒன்று நான்காயிற்று!

இதனால் என்ன பயன் என வாசகர்கள் வினவக்கூடும். நான்கும் ஒன்றே என்றிருந்தவரை, பல மலைகளில் பரவி வாழும் பூச்சியாகவே அது தோன்றியது. ஒரு மலையில் அழிந்தாலும் மற்றொன்றில் வாழும் என ஆறுதல் கொள்ள இடமிருந்தது. தனித்தனி எனத் தெளிந்தபின் அந்த ஆறுதல் நீங்கியது. ஒவ்வொன்றுக்கும் தன் மலையே வீடு. அவ்வீடு போனால் புகலிடம் வேறில்லை.

வீடோ உருகிக்கொண்டிருக்கிறது. கிளேசியர் பூங்காவின் நிலப்பரப்பில் 1850-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 150 பனிப்பாறைகள் இருந்தன. 2015-இல் எடுத்த கணக்கின்படி, பனிப்பாறை எனச் சொல்லத்தக்க அளவில் எஞ்சியவை 26 மட்டுமே. 2019 நவம்பரில் அமெரிக்க அரசு, லெட்னியா டுமானாவை அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாகச் சட்டப்படி அறிவித்தது. பருவநிலை மாற்றத்தால் அதன் வாழிடம் சுருங்குவதே இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

சட்டம் பனியை உறைய வைக்காது என்பது மெய்யே. ஒரு பெயர் மட்டும் ஓர் உயிரைக் காத்துவிடாது. ஆயினும் பெயரில்லாத ஒன்றுக்காக எந்தச் சட்டத்தில் எதை எழுதுவது? எதைக் கணக்கெடுப்பது? மறைந்தால்தான் யார் அறிவார்? மடிந்தவர் பெயரும் இல்லாமல் மண்ணுக்குள் போவதைப் போன்ற கொடுமை அது.

நுண்ணோக்கியின் முன் கண் வலிக்க அமர்ந்து, ஒரு சென்டிமீட்டரும் இல்லாத பூச்சியின் வேறுபாட்டைத் தேடுவோரை வேலையற்றவர் என எளிதில் எண்ணிவிடுகிறோம். அவர்கள் செய்வது, நாம் நம் பிள்ளைகளுக்குச் செய்வதே: "இதுவும் இருக்கிறது, இதன் பெயர் இது" என்று உலகின் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகின்றனர். காப்பதற்கான முதற்படி அந்த ஒரு வரியே.