செவிக்கு ஒரு கண்ணாடி



பாட்டுக் கற்கும் பிள்ளைக்குக் கையடக்க டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கித் தரலாமா என்று கோரிமேட்டுப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். தரலாம். ஆயின், அதனால் விளையும் பயன் யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் நலம்.

நம் நாட்டில் இசை, ஆசிரியரின் வாய்வழியாகவும் மாணவரின் செவிவழியாகவும் வளர்ந்த கலை. பாடம் முடிந்து வீடு திரும்பியபின் துணைநின்றது நினைவாற்றல் ஒன்றே. 1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் காசெட்டை வெளியிட்டது. இன்றோ கருவி சட்டைப்பையில் அடங்கிவிட்டது. காசெட் நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கலாம். ஆசிரியர் விரைந்து பாடிய கமகத்தைப் பிள்ளை நிதானமாகக் கேட்டு உணர இது பேருதவியாகும்.

எனினும், இக்கருவியின் தலையாய பயன் ஆசிரியரின் குரலைச் சேமிப்பதன்று. பிள்ளை தன் குரலைத் தானே கேட்பதாகும். நாம் பாடும்போது நம் குரல் காற்றின் வழியே மட்டுமன்றி, மண்டை எலும்பின் வழியேயும் உட்செவியை அடைகிறது. ஆகவே நமக்கு அது கனத்து ஒலிக்கிறது. பதிவில் பிறர் கேட்கும் குரலே கேட்கும். "இதுவா என் குரல்?" என்று பிள்ளை கூசலாம், பழகப் பழகக் கூச்சம் நீங்கும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடுகையில் ரிஷபம் சற்று ஏறியதையும், இரண்டாம் காலத்தில் தாளம் ஓடியதையும் அப்போது உணராத செவி, பதிவைக் கேட்கையில் உணரும்.

ஆசிரியரின் இசைவு பெற்றே பாடத்தைப் பதிவு செய்யுங்கள். கருவியைச் சுருதிப் பெட்டியின் அருகில் வையாமல், பாடுபவரிடமிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, மடித்த துணியின்மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், சாலை இரைச்சல் புகாதவாறு சாளரத்தைச் சாத்துங்கள். ஒலியளவு மிகுந்தால் குரல் உடைந்து பதிவாகும். பின்னர் அதைச் செம்மையாகச் சீர்செய்தல் அரிது. நாளையும் பாடத்தையும் குறித்து வையுங்கள்.

இசையறியாப் பெற்றோரும் பிள்ளையோடு அமர்ந்து கேட்கலாம். குறை கூறவேண்டா. "எந்த இடத்தைத் திருத்தலாம் என்று உனக்குத் தோன்றுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். தானே கண்ட பிழையைப் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். பிறர் முன் இடித்துக் காட்டிய பிழையோ பாட்டின்மீதே வெறுப்பை விளைவிக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "பதிவில் இருக்கிறதே" என்னும் எண்ணம் மனப்பாடத்தைக் கெடுக்கும். மூன்று முறை கேட்டபின் கருவியை மூடிவைத்துப் பாடச் சொல்லுங்கள். மறந்த இடத்திற்காக மட்டுமே அது மீண்டும் திறக்கப்படட்டும்.

நம் ஆலயப் பாடகர் குழுவினர்க்கும் இது பொருந்தும். பாப்பிறை 12ஆம் பத்திநாதர் காலத்தில், 1958 செப்டம்பர் 3ஆம் நாள் உரோமை வெளியிட்ட திரு இசை பற்றிய அறிவுரை, வழிபாட்டில் பாடகர் குழுவுக்கோ இறைமக்களுக்கோ மாற்றாக ஒலிப்பதிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதை விலக்கியது. பாடல் கற்பிப்பதற்கோ அவற்றை அனுமதித்தது. இல்லத்திற்கும் ஏற்ற நெறி இதுவே. பயிலும் வேளையில் கருவி துணை நிற்கட்டும். பாடும் வேளையில் நம் பிள்ளைகளின் குரலே ஒலிக்கட்டும்.