வானலைகள் யார் சொத்து?

இந்தியத் தொலைக்காட்சியின் தலையெழுத்தை மாற்றியது ஒரு கிரிக்கெட் போட்டி. 1993 நவம்பரில் வங்காள கிரிக்கெட் சங்கம் தன் வைர விழாவையொட்டி ஹீரோ கோப்பைப் போட்டிகளை நடத்தியது. ஒளிபரப்பு உரிமையை தூர்தர்ஷனுக்குத் தராமல், டிரான்ஸ் வேர்ல்ட் இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. அதுவரை கிரிக்கெட் ஆட்டங்களைக் காட்டக் கட்டணம் கேட்டே பழகியிருந்த தூர்தர்ஷனுக்கு இது பொறுக்கவில்லை. இந்திய மண்ணிலிருந்து நேரடியாகச் செயற்கைக்கோளுக்குப் படம் அனுப்பும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு என்றது டெல்லி. நிறுவனத்தின் ஒளிபரப்புக் கருவிகளை பம்பாயில் சுங்கத்துறை பிடித்து வைத்தது. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போயிற்று. நீதிமன்றம் தலையிட்ட பிறகே கருவிகள் கைக்கு வந்தன.

ஈடன் கார்டனில் விளக்கொளியில் நடந்த அரையிறுதியின் கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 6 ரன் தேவைப்பட்டபோது, பந்தை வாங்கிய சச்சின் 3 ரன் மட்டுமே கொடுத்ததை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறுதிப் போட்டியில் 12 ரன்னுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்த கும்ப்ளேயையும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் போட்டியால் விளைந்த தீர்ப்புதான் மறந்துபோயிற்று. இன்றைக்கு ஒரு சராசரி இந்தியர் இரவு எட்டு மணிக்கு எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்க முடியாமல் போகிறது என்பதற்கான விடை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், அதில் நிறைவேறாமல் போன பாதியில் இருக்கிறது.

1995 பிப்ரவரி 9 அன்று நீதிபதிகள் சாவந்த், மோகன், ஜீவன் ரெட்டி ஆகியோர் அளித்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. முதலாவது, வானலைகள் பொதுச் சொத்து. தந்திக் கம்பி காலத்தில் எழுதப்பட்ட 1885-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அவற்றை அரசு தனக்கென்று முடக்கி வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது, அந்தச் சொத்தைப் பொதுநலன் கருதி ஒழுங்குபடுத்த, அரசின் பிடிக்குள் வராத ஒரு பொது அமைப்பு வேண்டும். தனியாகத் தீர்ப்பெழுதிய ஜீவன் ரெட்டி ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தார். அரசின் ஏகபோகம் போலவே தனியாரின் ஏகபோகமும் குடிமகனுக்கு ஆபத்து என்றார். கருத்துச் சுதந்திரம் ஒலிபரப்புகிறவருக்கு மட்டும் சொந்தமல்ல. பல தரப்பையும் கேட்டறியும் உரிமை நேயருக்கும் உண்டு என்பதே அந்த வாதத்தின் சாரம்.

முதல் பாதி வெகு வேகமாக நிறைவேறியது. உண்மையில் தீர்ப்புக்கு முன்பே வானம் திறந்துவிட்டிருந்தது. 1991 ஜனவரியில் டெல்லி, பம்பாய் நட்சத்திர ஓட்டல்களில் சி.என்.என். மூலம் வளைகுடாப் போர் தெரிந்தது. அதே ஆண்டு ஸ்டார் வந்தது. 1992 அக்டோபரில் ஜீ, 1993 ஏப்ரலில் சன். மொட்டை மாடிகளில் டிஷ் ஆன்டெனாக்கள் முளைத்தன. தெருவுக்குத் தெரு கேபிள் கம்பிகள் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு ஓடின.

அதற்கு முந்தைய காலத்தைப் பொற்காலமாக நினைத்து ஏங்குகிறவர்கள் உண்டு. 1984-ல் 'ஹம் லோக்', 1987-88-ல் 'ராமாயண்', பிறகு 'மகாபாரத்' என்று நாடே ஒரே திரையின் முன் உட்கார்ந்தது நிஜம். மாலைச் செய்தியில் அமைச்சர்கள் அடிக்கல் நாட்டுவதையும் நாடா வெட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்ததும் அதே நாடுதான். எதிர்க்கட்சித் தலைவரின் முகம் திரையில் தெரிவதே அபூர்வம். இந்தி புரியாத வீடுகளில் இரவு தேசிய நிகழ்ச்சி தொடங்கியதும் டிவியை அணைத்துவிடுவார்கள். அந்த ஏகபோகம் உடைந்ததற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

இரண்டாவது பாதியின் கதை வேறு. சுதந்திரமான அமைப்பை உருவாக்குவதற்கான ஒலிபரப்பு மசோதா 1997-ல் மக்களவைக்கு வந்தது. ஒரே நிறுவனம் பத்திரிகை, டிவி என்று எல்லாவற்றையும் வளைத்துப்போடுவதற்கு அது கட்டுப்பாடுகளை முன்வைத்தது. மசோதா கூட்டுக் குழுவுக்குப் போன சில மாதங்களில் ஆட்சி கவிழ்ந்தது, மசோதாவும் காலாவதியாயிற்று. அதன் பிறகு வந்த வரைவுகளும் கரை சேரவில்லை. 2023-ல் வெளியான வரைவு ஓர் ஆலோசனைக் குழுவை அமைக்கச் சொன்னது. ஆனால் அந்தக் குழு ஆலோசனை சொல்ல வேண்டியதே மத்திய அரசுக்குத்தான்!

பிரசார் பாரதிக்கும் இதே கதிதான். 1990-ல் நிறைவேறிய சட்டம் ஏழு ஆண்டுகள் தூங்கி 1997-ல்தான் அமலுக்கு வந்தது. பெயரில் தன்னாட்சி வந்தது, சம்பளப் பணம் மட்டும் மத்திய பட்ஜெட்டிலிருந்தே வந்தது. நிதியிலும் நிர்வாகத்திலும் உண்மையான தன்னாட்சி வேண்டும் என்று சாம் பிட்ரோடா குழு 2014-ல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. படியளப்பவரைக் கேள்வி கேட்கும் துணிச்சலை எந்தச் சட்டமும் தானாகக் கொடுத்துவிடாது.

இந்த அரைகுறைத்தனம் வானொலியில் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. நூற்றுக்கணக்கான செய்திச் சேனல்கள் இரவும் பகலும் கூச்சலிட அனுமதித்த நாடு, 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை நிலையம் தொடங்கியபோது செய்திக்கு மட்டும் தடை போட்டது. 2011-ல் ஒரு சலுகை கிடைத்தது. அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். மணிக்கு 10 நிமிடமாவது சொந்தச் செய்தி சொல்ல விடலாம் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2023-ல் பரிந்துரைத்தது. பணமும் அதிகாரமும் புழங்கும் டிவிக்கு ஒரு நியாயம், ஆட்டோ ஓட்டுநரும் தையற்காரரும் வேலைக்கு நடுவே கேட்கும் வானொலிக்கு ஒரு நியாயமா?

தீர்ப்பை அதன் முழு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில், மாச்னூர் என்ற கிராமத்தில், தலித் பெண் விவசாயிகள் தங்களுக்கென ஒரு வானொலி வேண்டுமென்று கேட்டார்கள். வானலைகள் மக்களுடையவை என்றால் தாங்களும் மக்கள்தானே என்பது அவர்கள் கணக்கு. கட்டடமும் கருவிகளும் தயாராகியும் உரிமம் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் நிகழ்ச்சிகளை நாடாவில் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2002-ல் அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி பேசத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006-ல் அனுமதி வந்தது. மாச்னூர் பெண்களின் 'சங்கம் ரேடியோ' காற்றில் ஏறியது 2008 அக்டோபரில். விதை, மழை, கம்பு, கேழ்வரகு, பாட்டு என்று தங்கள் பேச்சுத் தெலுங்கில் அவர்கள் பேசுவதைக் கேட்க தீர்ப்புக்குப் பிறகு 13 ஆண்டுகள் ஆயின. தனியார் டிவிக்கு அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது வானலை பற்றிய பேச்சே பழங்கதை, கையில் போன் இருக்கிறவர் எல்லோரும் ஒளிபரப்பாளர்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. கிராமத்துச் சமையல்காரரும் கல்லூரி மாணவரும் லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைவது இதற்கு முன் நடக்காதது. ஆனால் போனுக்கு வரும் படமும் ஏலத்தில் விற்ற அலைக்கற்றையில்தான் பயணிக்கிறது. திரையில் அடுத்து எது வரும் என்பதை முன்பு மண்டி ஹவுஸ் அதிகாரி முடிவு செய்தார், இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. அதிகாரியையாவது நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடிந்தது.

வழக்குக்குக் காரணமான கிரிக்கெட்டே இதற்குச் சரியான உதாரணம். 2022 ஜூனில் ஐ.பி.எல். போட்டிகளின் ஐந்தாண்டு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போயிற்று. இந்தியாவுக்கான டிவி உரிமையை டிஸ்னி ஸ்டார் வாங்கியது. இணைய உரிமையை வாங்கியது ரிலையன்ஸ் குழுமத்தின் வயாகாம்18. கடும் போட்டி என்று எழுதினார்கள். 2024 நவம்பரில் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாயின. 2025 பிப்ரவரியில் அவற்றின் செயலிகளும் ஒன்றாயின. சட்டப்படி எல்லாம் சரி, போட்டி ஆணையமும் நிபந்தனைகளோடு ஒப்புதல் தந்தது. ஜீவன் ரெட்டி சொன்ன எச்சரிக்கையை மட்டும் யாரும் நினைவுபடுத்தவில்லை.

'பொதுச் சொத்து' என்றது உச்ச நீதிமன்றம். அதில் 'சொத்து' என்ற சொல்லை அரசுகளும் நிறுவனங்களும் நன்றாகவே புரிந்துகொண்டன. ஏலம் விட்டார்கள், வாங்கினார்கள், விற்றார்கள், இணைத்தார்கள். 'பொது' என்ற சொல்லுக்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை. வானொலியில் செய்தியை அனுமதிப்பதற்கு ஒரு காசு செலவில்லை. ஒருவர் கையில் எத்தனை ஊடகம் இருக்கலாம் என்பதற்கு வரம்பு கட்ட 1997-ன் மசோதாவே முன்மாதிரியாக இருக்கிறது. இரண்டையும் செய்யாமல் இருப்பதற்குத் தொழில்நுட்பம் காரணமல்ல. மக்கள் பல குரல்களைக் கேட்பதில் ஆட்சியில் இருப்பவர்களுக்கு என்றைக்குமே பெரிய ஆர்வம் இருந்ததில்லை. அவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.