ஒப்ஷன் விற்று வரும் டொலர் சம்பளம் அல்ல



எங்களிடம் படித்த தம்பி ஒருவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டுக்கு மேல்மாடி கட்ட நாலு வருஷமாகச் சேர்த்த சல்லி அவர் கையில் இருக்கிறது. போன கிழமை வொய்ஸ் ஒன்று அனுப்பியிருந்தார். “சேர், மெட்டா மாதிரிப் பெரிய கம்பனியின் பங்குக்கு ஒப்ஷன் வித்தா மாசா மாசம் டொலர் வருதாம். ரூமில ஒரு நானா செய்றார். நானும் இறங்கட்டா?”

இடைவேளையில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறோம்.

முதலில் எதை விற்கிறோம் என்று விளங்க வேண்டும். அமெரிக்கச் சந்தையில் ஒரு ஒப்ஷன் ஒப்பந்தம் பொதுவாக 100 பங்குகளுக்கானது. “புட்” விற்பவர், குறித்த திகதிவரை விலை எவ்வளவு விழுந்தாலும் பேசிய விலைக்கே அந்த 100 பங்குகளையும் வாங்குவதாகப் பொறுப்பேற்கிறார். அதற்குக் கிடைப்பதுதான் பிரீமியம். வாகனக் காப்புறுதிக் கம்பனி கட்டுப்பணம் வாங்குவது போலத்தான். விபத்து நடக்காத மாதமெல்லாம் இலாபம். நடந்தால் கொடுக்க வேண்டும்.

“பெரிய கம்பனிதானே, விழாது” என்பார்கள். 2022 பெப்ரவரி 2ஆம் திகதி மெட்டா பங்கு 323 டொலரில் முடிந்தது. அன்று மாலை கம்பனி தனது காலாண்டு அறிக்கையை வெளியிட்டது. அடுத்த நாள் 237.76இல் முடிந்தது. ஒரே நாளில் 26 சதவீதம் போய்விட்டது.

300 டொலருக்கு ஒரு புட் விற்று 800 டொலர் பிரீமியம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 237.76 பெறும் பங்கை 300 கொடுத்து வாங்க வேண்டும். 100 பங்குக்கு 6,224 டொலர் பள்ளம். பிரீமியத்தைக் கழித்தாலும் நட்டம் 5,424. ஏறக்குறைய ஏழு மாத “வருமானம்” ஒரே இரவில் போகிறது. பங்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்தான். ஆனால் அதே வருஷம் நவம்பரில் அது 90 டொலருக்கும் கீழே போனது.

சொந்தப் பங்கை வைத்துக்கொண்டு “கோல்” விற்பது இதைவிடப் பாதுகாப்பு என்பார்கள். பங்கை வெறுமனே வைத்திருப்பதைவிட அதில் ஆபத்து கூடாது என்பது உண்மைதான். ஆனால் ஏற்றத்துக்கு மட்டும் எல்லை போடுகிறோம், இறக்கம் முழுவதும் எங்கள் தலையில்தான். 2024 பெப்ரவரி 2ஆம் திகதி அதே மெட்டா ஒரே நாளில் 20 சதவீதம் ஏறி 475 டொலருக்குப் பக்கத்தில் நின்றது. 410க்குக் கோல் விற்றிருந்தவருக்குக் கிடைப்பது 410உம் பிரீமியமும் மட்டுமே.

இன்னொன்று. 300 டொலர் புட் ஒன்றுக்கு முழுப் பணமும் ஒதுக்கி வைப்பதென்றால் 30,000 டொலர் வேண்டும். எங்கள் தம்பிமாரில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? இல்லாதவர் புரோக்கரின் “மார்ஜின்” வசதியில் இறங்குகிறார். சந்தை விழும்போது புரோக்கர் மேலும் பணம் கேட்பார். கட்ட முடியாவிட்டால் அவரே கணக்கை நட்டத்தில் முடித்துவிடலாம். கடனுக்கு வட்டியும் உண்டு.

மார்க்க விடயத்தில் பத்வா சொல்வது எங்கள் வேலை அல்ல. ஆனால் தெரிந்ததை மறைக்கவும் கூடாது. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1992இல் ஜித்தாவில் கூடியபோது, உலகச் சந்தைகளில் நடக்கும் ஒப்ஷன் ஒப்பந்தங்கள் கூடாது என்று தீர்மானித்தது. அங்கே விற்கப்படுவது பொருளுமல்ல, பயன்பாடுமல்ல, விற்கக்கூடிய நிதி உரிமையுமல்ல என்பதே அது சொன்ன காரணம். வேறு கருத்துச் சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சல்லி போடுவதற்கு முன்னர் நம்பகமான ஆலிம் ஒருவரிடம், “பங்கு வாங்கலாமா” என்றல்ல, “ஒப்ஷன் விற்கலாமா” என்றே கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஒப்ஷன் விற்கும் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நாங்கள் சொல்லவில்லை. நட்டத்தைத் தாங்கும் வசதியோடு, கணக்குத் தெரிந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சண்டை “மாத வருமானம்” என்ற பெயரோடுதான். சம்பளம் கிடைத்தால் அது எங்களுடையது. பிரீமியத்தை வாங்கிய பிறகு அந்தத் திகதி வரும்வரை பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

தம்பிக்கு இதையெல்லாம் அனுப்பினோம். நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருந்தால் இன்றிரவு பேசும்போது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.